இத்தாலியனில் எங்கே தட்டுகிறது? அறிகுறி பார்த்துப் பிழை திருத்தும் வழிமுறை

சில மாதம் இத்தாலியன் படித்தாயிற்று. வினைச்சொல் வாய்பாடும் மனப்பாடம். ஆனால் கடையிலோ வகுப்பிலோ வாயைத் திறந்தால் எதிராளி புருவத்தைச் சுருக்குகிறார். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு இது. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு நடப்பது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போகலாம்.

தமிழ் பேசுகிறவர்களின் பிழைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, தமிழின் ஒலிப் பழக்கம். மற்றது, ஆங்கிலத்தை நடுவில் வைத்து யோசிப்பது. இந்த இரண்டாவதற்கு மருந்து பல நேரம் தமிழிலேயே இருக்கிறது. இத்தாலியன் ஆங்கிலத்தைவிட்டு விலகி நிற்கும் பல இடங்களில் தமிழுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருப்பதால் வாசிக்கும் முறை முக்கியம். 'ச' என்றால் 'அச்சம்' என்பதில் உள்ள ஒலி. மற்றதற்கு 'ஸ' போட்டிருக்கிறோம். சொல் நடுவே தனியாக வரும் க, த, ப மூன்றையும் வன்மையாகச் சொல்லுங்கள், ஆனால் இரட்டிக்காதீர்கள்: 'காபி' என்பதில் வரும் ப, 'ராகேஷ்' என்பதில் வரும் க. மென்மையாக வர வேண்டிய இடத்தில் அங்கேயே சொல்லிவிடுகிறோம். 'ந்த' என்றால் 'பந்து' போல மென்மை. 'ன்த' என்றால் வன்மை. இத்தாலியனில் 'ட' ஒலி கிடையாது, எல்லாம் பல்லில் நாக்கு படும் 'த'தான். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் 'டிரமிசு' என்பார்கள். 'திரமிஸூ' என்று சொல்ல நமக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

அறிகுறி: "எவ்வளவு?" என்று கேட்டால், "எப்போது?" என்று கேட்டதாக நினைக்கிறார்கள்

'குவான்தோ' என்றால் எவ்வளவு. 'குவாந்தோ' என்றால் எப்போது. தமிழில் மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினம் தானாகவே மென்மையாகிவிடும்: பந்து, தங்கம், பாம்பு. நாக்கு இதைக் கேட்காமலே செய்துவிடுவதால், 'குவான்தோ கோஸ்தா?' (என்ன விலை?) என்று சொல்ல நினைத்தாலும் 'குவாந்தோ' என்றுதான் வெளியே வருகிறது.

இது ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 20 முதல் 90 வரை பத்துப் பத்தான எண்கள் அத்தனையிலும் இந்த வன்மையான 'ன்த' இருக்கிறது: வென்தி, த்ரென்தா, குவரான்தா, சின்குவான்தா, ஸெஸ்ஸான்தா, ஸெத்தான்தா, ஒத்தான்தா, நொவான்தா. நூறும் 'சென்தோ'. அதாவது விலை, மணி, வயது எதைச் சொன்னாலும் இந்த இடத்தில் தட்டும். 'அன்கோரா' (இன்னும்) 'அங்கோரா' ஆவதும், 'தெம்போ' (நேரம், ப வன்மை) என்பதில் ப 'பாம்பு'வின் ப ஆவதும் இதே நோய்தான்.

திருத்தும் விதம்:

1. சொல்லை இரண்டாக வெட்டுங்கள்: 'குவான்', ஒரு நிறுத்தம், 'தோ'. சொல்லின் முதலில் வரும் த தமிழிலும் வன்மையாகத்தான் வரும் (தோசை).
2. அந்த வன்மை கெடாமல் நிறுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். கெட்டால் மறுபடி வெட்டுங்கள்.
3. கைப்பேசி விசைப்பலகையை இத்தாலியனுக்கு மாற்றி, குரல் வழித் தட்டச்சில் அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் கருவி சூழலை வைத்து ஊகித்துத் தானே திருத்திவிடும்; பிழை மறைந்துவிடும். தனிச்சொல்லாகச் சொன்னால் உண்மை தெரியும்.

அறிகுறி: தொப்பி கேட்டால் தலைமுடியைப் பார்க்கிறார்கள்

'கப்பெல்லோ' தொப்பி, 'கபெல்லோ' ஒரு தலைமுடி. 'ஸெத்தெ' ஏழு, 'ஸேதெ' தாகம். 'கஸ்ஸா' பணம் கட்டும் இடம், 'காஸா' வீடு. 'நொன்னோ' தாத்தா, 'நோனோ' ஒன்பதாவது. 'பென்னா' எழுதுகோல், 'பேனா' தண்டனை அல்லது வேதனை. நம்முடைய பேனா போர்ச்சுகீசியத்திலிருந்து வந்ததால், அதே பழக்கத்தில் இத்தாலியக் கடையில் 'பேனா' கேட்டுவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் முகம் சிவக்கவைப்பது வயது. 'ஓ வென்தன்னி' என்றால் எனக்கு 20 வயது. அதில் ன் ஒன்று குறைந்து 'ஆனி' ஆனால் மலத்துவாரத்தின் பன்மை.

இரட்டை மெய் நமக்குப் புதிதில்லை. கனியும் கன்னியும் எழுதும் மொழிக்காரர்களுக்கு இது கடினமாக இருக்கக் கூடாது. கடினமாவதற்கு முக்கியக் காரணம், குறிப்பேட்டில் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது. வன்மையைக் காட்டத் தமிழில் இரட்டிக்க வேண்டியிருக்கிறது. நாட்டின் பெயரையே 'இத்தாலி' என்று எழுதுகிறோம். அவர்கள் வாயில் அது ஒற்றைத் தகரத்தோடு 'இதால்யா'. இப்படி எழுதிப் படித்தால் எது உண்மையான இரட்டை, எது எழுத்துக்காக இரட்டித்தது என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். குறிப்பேட்டில் இத்தாலிய எழுத்தையே பயன்படுத்துங்கள். உச்சரிப்புக்கு இந்த ஒரு சூத்திரம் போதும்: அழுத்தம் விழும் அசையில், ஒற்றை மெய்க்கு முன்னால் நெடில், இரட்டை மெய்க்கு முன்னால் குறில். நோனோ, நொன்னோ, ஸேதெ, ஸெத்தெ. மெய்யை மட்டும் இரட்டித்துவிட்டு உயிரை நீட்டினால் கேட்பவருக்குக் குழப்பம் தீராது.

அறிகுறி: சிறிய சொற்கள்தான் புரியவில்லை என்கிறார்கள்

'ஏ' (இருக்கிறது, ஆகும்) என்பதை 'யே' என்றும், 'ஓ' (என்னிடம் உள்ளது) என்பதை 'வோ' என்றும் சொல்கிறீர்களா என்று பதிவு செய்து கேளுங்கள். பேச்சுத் தமிழில் எகரத்துக்கு முன் யகரமும் ஒகரத்துக்கு முன் வகரமும் லேசாக ஒட்டும். வாயை முதலில் திறந்து, தொண்டையிலிருந்து உயிரை நேராக எடுத்தால் அது போய்விடும். இன்னொன்று கடைசியில் ஒட்டும் உகரம்: 'இல்' என்பது 'இல்லு', 'பார்' (காபிக்கடை, ப மென்மை) 'பாரு', 'நொன்' (இல்லை, மாட்டேன்) 'நொன்னு'. இத்தாலியனில் கடைசி உயிர்தான் ஆணா பெண்ணா, ஒன்றா பலவா என்று சொல்கிறது. இல்லாத உயிரைச் சேர்த்தால் கேட்பவர் அதற்கும் பொருள் தேடுவார். அதே காரணத்தால் இருக்கும் கடைசி உயிரை விழுங்கவும் கூடாது. நன்றி என்பது 'க்ராத்ஸியெ' (முதல் ஒலி 'கணேஷ்' என்பதன் க). 'க்ராஸி' என்று நிறுத்தினால் வால் அறுந்த சொல்.

அறிகுறி: எழுத்தைப் பார்த்துப் படித்தால் தப்பாகிறது

'சி' எழுத்துக்குப் பின்னால் இ அல்லது எ வந்தால் ச. மற்ற இடத்தில் க. நடுவில் 'எச்' வந்தால் மறுபடி க. 'ஜி' எழுத்துக்கும் அதே கதை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் இங்கே நேர் எதிராகப் படிப்பார்கள்: அந்த ரொட்டிப் பலகாரம் 'ப்ருஸ்கெத்தா', 'ப்ருஷெட்டா' இல்லை, அந்த ஒயின் 'கியான்தி'. 'எச்' தனியாக ஒலிப்பதே இல்லை. 'ஜிஎன்' சேர்ந்தால் நம் 'ஞ்ஞ': லஸாஞ்ஞா, பாஞ்ஞோ (கழிப்பறை, ப மென்மை). ஆங்கிலேயர்கள் சிரமப்படும் இந்த ஒலி நமக்கு ஓசியில் கிடைத்தது.

அழுத்தம் எங்கே என்று தெரியாவிட்டால் கடைசிக்கு முந்தைய அசையில் போடுங்கள், பாதிக்கு மேல் சரியாக வரும். பிழைக்கும் முக்கியமான இடம் 'அவர்கள்' வடிவம். அதற்கு வழி: 'நான்' வடிவத்தில் அழுத்தம் எங்கே விழுகிறதோ, அங்கேயே 'அவர்கள்' வடிவத்திலும் விழும். 'ல-வோ-ரோ' (வேலை செய்கிறேன்) என்பதில் 'வோ'; எனவே 'ல-வோ-ர-னோ' (வேலை செய்கிறார்கள்) என்பதிலும் 'வோ'தான். 'லவொரானோ' என்று நீட்டுவது வகுப்பறைகளில் அன்றாடம் கேட்கும் பிழை.

அறிகுறி: "எனக்கு" என்று தொடங்கும் எதைச் சொன்னாலும் திருத்துகிறார்கள்

இதில் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் தொடக்கநிலை இத்தாலியனில் பாதி இங்கேதான் இருக்கிறது. தமிழில் பிடிப்பது, பசிப்பது, தெரிவது, வேண்டுவது எல்லாமே 'எனக்கு'தான். இத்தாலியன் அதை நான்கு பெட்டியாகப் பிரிக்கிறது.

முதல் பெட்டி 'மி'. இது அப்படியே நம் 'எனக்கு'. 'மி பியாசெ லா மேலா': எனக்கு ஆப்பிள் பிடிக்கும். ஆங்கிலத்தில் யோசித்தால் 'நான்' எழுவாயாகி 'இயோ பியாச்சோ' என்று வந்துவிடும். அதன் பொருள் "என்னைப் பிறருக்குப் பிடிக்கும்". தமிழில் யோசித்தால் இந்தப் பிழை வரவே வராது. ஒன்றை மட்டும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: பிடித்த பொருள் பலவானால் வினையும் பன்மையாகும். 'மி பியாச்சொனோ லெ மேலெ': ஆப்பிள்கள் பிடிக்கும். தமிழில் இரண்டுக்கும் 'பிடிக்கும்'தான் என்பதால் இங்கே வழுக்கும். இதே பெட்டியில்: 'மி ஸெர்வெ' (எனக்குத் தேவைப்படுகிறது), 'மி ஃபா மாலெ லா தெஸ்தா' (எனக்குத் தலை வலிக்கிறது), கண்கள் என்றால் 'மி ஃபான்னோ மாலெ ல்யி ஒக்கி'. தலை வலிக்கும்போது தலையே எழுவாய், தமிழிலும் அப்படித்தானே. 'மி மான்கி' என்பதும் இங்கே: நீ இல்லாதது எனக்கு வருத்துகிறது. இதை 'உன்னை' என்று செயப்படுபொருளாக்கப் பார்த்து, யார் யாருக்காக ஏங்குகிறார் என்பதைத் தலைகீழாக்கிவிடுவார்கள்.

இரண்டாம் பெட்டி 'ஓ', என்னிடம் உள்ளது. பசி 'ஓ ஃபாமெ', தாகம் 'ஓ ஸேதெ', தூக்கம் 'ஓ ஸொன்னோ', அவசரம் 'ஓ ஃப்ரெத்தா', பயம் 'ஓ பவூரா', இருமல் 'ஓ லா தொஸ்ஸெ', வயதும் இதில்தான். இங்கே தமிழ் ஏமாற்றும். 'மி ஃபாமெ' என்று ஒன்று கிடையாது. ஆங்கிலமும் ஏமாற்றும், 'ஸோனோ' ('ஏ' என்பதன் 'நான்' வடிவம்) போட்டு "நான் பசி" என்று சொன்னால் பொருளே இல்லை. உடம்பு புழுங்கும்போது 'ஓ கால்தோ' (த மென்மை). அதையே 'ஸோனோ' போட்டுச் சொன்னால் காமம் கலந்த பொருள் தொனிக்கும்.

மூன்றாம் பெட்டி 'தெரியும்'. விஷயம் தெரிந்தால் 'லோ ஸோ'. செய்யத் தெரிந்தால் 'ஸோ' சேர்த்து வினை: 'ஸோ நுவொதாரெ', நீந்தத் தெரியும். ஆளோ ஊரோ தெரிந்தால் 'கொனொஸ்கோ': 'கொனொஸ்கோ மரீயா'. சோதிக்க எளிய வழி: 'தெரியும்' என்ற இடத்தில் 'பழக்கம்' என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் 'கொனொஸ்கோ'.

நான்காவது 'வேண்டும்'. 'வோல்யோ' என்றால் வேண்டும். கடையில் சொன்னால் அதட்டல்போலக் கேட்கும். 'வொர்ரேய்' என்று மாற்றுங்கள். 'வொர்ரேய் உன் கஃப்ஃபே, பெர் ஃபவோரெ.' முதல் நாளிலிருந்தே இதை மட்டும் பழகுங்கள், 'வோல்யோ' தானாக வந்துசேரும்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் "இப்படி யாரும் பேசுவதில்லை" என்கிறார்கள்

பெரும்பாலும் இது ஆங்கிலத் தழுவல். நான்கு இடங்களைச் சோதியுங்கள்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் 'இயோ' (நான்) போட்டுத் தொடங்குகிறீர்களா? 'வந்தேன்' என்பதிலேயே நான் இருப்பது போல 'லவோரோ' என்பதிலும் இருக்கிறது. "நான்தான்" என்று அழுத்தும்போது மட்டும் போடுங்கள்.

"ஆறு மாதமாக இங்கே வேலை பார்க்கிறேன்" என்பதற்கு இறந்தகாலம் தேடுகிறீர்களா? தமிழைப் போலவே நிகழ்காலம்தான்: 'லவோரோ க்வி தா ஸேய் மேஸி'. ('தா' மென்மை, '-ஆக' வேலையை அதுதான் செய்கிறது.) அடுத்தது, "நாளைக்குக் கிளம்புறேன்" என்பதற்கு எதிர்கால வடிவம் தேடுவது. 'தொமானி பார்தோ' (முதல் த மென்மை) போதும். நம்மைப் போலவே அவர்களும் நாளைய திட்டத்தை நிகழ்காலத்தில் சொல்கிறார்கள்.

நான்காவது, எதிர்மறை. "யாரையும் பார்க்கவில்லை" என்பது 'நொன் ஓ வீஸ்தோ நெஸ்ஸூனோ'. இரண்டு எதிர்மறை வந்தால் நேர்மறையாகிவிடும் என்று ஆங்கில வகுப்பில் சொன்னதை இங்கே கொண்டுவர வேண்டாம். ஆனால் 'நெஸ்ஸூனோ' வினைக்கு முன்னால் வந்துவிட்டால் 'நொன்' தேவையில்லை: 'நெஸ்ஸூனோ ஏ வெனூதோ', யாரும் வரவில்லை.

அறிகுறி: மரியாதையாகப் பேச நினைத்தால் "எங்கள் எல்லோரையுமா?" என்பது போலப் பார்க்கிறார்கள்

'தூ' என்பது நீ. அடுத்தது 'நீங்கள்' என்று தேடி 'வோய்' என்பதைப் பிடித்துக்கொள்கிறோம், ஏனென்றால் தமிழில் மரியாதையும் பன்மையும் ஒரே சொல். இத்தாலியனில் ஒருவருக்கான மரியாதைச் சொல் 'லேய்'. 'அவள்' என்பதும் அதே சொல். வினையும் படர்க்கை ஒருமை. ஆணாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே:

- நண்பரிடம்: 'கோமெ ஸ்தாய்?'
- பெரியவரிடம், அலுவலகத்தில், மருத்துவரிடம்: 'கோமெ ஸ்தா?'
- பலரிடம்: 'கோமெ ஸ்தாதெ?'

மன்னிப்புக் கேட்பதும் இரண்டு: நண்பரிடம் 'ஸ்கூஸா', மற்றவரிடம் 'ஸ்கூஸி'. 'சாவோ' என்பது 'தூ' போடும் ஆளுக்கு மட்டும். அரசு அலுவலகச் சாளரத்தில் வேண்டாம். எது என்று தெரியாமல் தடுமாறினால் 'ஸால்வெ' காப்பாற்றும். 1938இல் முசோலினி அரசு 'லேய்' கூடாது, 'வோய்' தான் பேச வேண்டும் என்று பிரச்சாரம் செய்தது. போருக்குப் பின் 'லேய்' திரும்பியது. தெற்கில் முதியவர்களிடம் 'வோய்' இன்றும் காதில் விழும். அதைக் கேட்டு நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று: அண்ணா, அக்கா, ஐயா என்று உறவு சொல்லி அந்நியரை அழைக்கும் பழக்கம் அங்கே இல்லை. 'ஸிஞ்ஞோரா', 'ஸிஞ்ஞோரெ' போதும். மாமா என்று நினைத்து 'த்ஸீயோ' போட்டால், மிலான் பக்கத்து இளைஞர்கள் "மச்சி" என்பது போலப் பயன்படுத்தும் சொல்லைப் பெரியவரிடம் வீசியதாக ஆகும்.

அறிகுறி: எழுத்துத் தாளில் ஆண்பால் பெண்பால் சிவப்பு மை

தமிழில் மேசைக்குப் பால் இல்லை. அஃறிணை என்று ஒதுக்கிவிட்டோம். இத்தாலியனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண் அல்லது பெண். காரணம் தேடினால் நேரம்தான் வீணாகும். பெயரைத் தனியாகப் படிக்காமல் முன்னொட்டோடு (ஆங்கிலத்தின் 'தி' போல முன்னால் வரும் 'இல்', 'லா' போன்ற சொல்) சேர்த்து ஒரே சொல்லாகப் படிப்பதுதான் வழி: 'தாவொலோ' அல்ல, 'இல்தாவொலோ'.

ஓ முடிவு ஆண், ஆ முடிவு பெண் என்பது பெரும்பாலும் சரி. சறுக்கும் சொற்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள்: 'லா மானோ' (கை), 'லா ஃபோதோ', 'லா மோதோ' (மோட்டார் சைக்கிள்) மூன்றும் பெண், 'இல் ஸிஸ்தேமா', 'இல் சீனெமா' ஆண். முட்டை ஒருமையில் ஆண், 'லுவோவோ'. பன்மையில் பெண், 'லெ உவோவா'. அழுத்தக்குறியோடு முடியும் 'சித்தா' (நகரம்), 'கஃப்ஃபே' போன்றவை பன்மையில் மாறுவதே இல்லை.

ஆண்பாலில் 'இல்' எங்கே, 'லோ' எங்கே? அடுத்த சொல் ஸ்-உடன் இன்னொரு மெய் சேர்ந்து தொடங்கினாலோ, த்ஸ அல்லது ஞ ஒலியில் தொடங்கினாலோ 'லோ', பன்மையில் 'ல்யி': 'லோ த்ஸீயோ', 'ல்யி ஸ்பகெத்தி' (க மென்மை). உயிரில் தொடங்கினால் ஒட்டிக்கொள்ளும்: 'லமீகோ' (நண்பன்), பன்மை 'ல்யி அமீசி'. தோழிகள் 'லெ அமீகெ'. இங்கே க மாறாது, அதனால்தான் எழுதும்போது 'எச்' நுழைகிறது.

'ஸூவோ', 'ஸூவா' பார்த்து அவன், அவள் என்று பிரித்தால் தவறு. பால் உரிமையாளருடையது அல்ல, பொருளுடையது. 'ஸூவா ஸொரெல்லா' என்றால் அவனுடைய சகோதரியும்தான், அவளுடைய சகோதரியும்தான். ஒரே ஒரு உறவினரைச் சொல்லும்போது முன்னொட்டு வேண்டாம்: 'மீயா ஸொரெல்லா'. பலரானால் வேண்டும்: 'லெ மீயெ ஸொரெல்லெ'.

இத்தாலியில் நீண்டகால வதிவிட அனுமதிக்கு ஐரோப்பிய மொழித்தேர்ச்சி அளவுகோலின் ஏ2 நிலையும், 2018ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் திருமணம் வழியாகவோ நீண்டகால வசிப்பின் வழியாகவோ குடியுரிமை கேட்பவர்களுக்குப் பி1 நிலையும் காட்ட வேண்டும். அந்தத் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள், முதலில் 'எனக்கு' பெட்டிகளையும் இறந்தகாலத்தையும் சரிசெய்யுங்கள். ஒரு முன்னொட்டு தப்பினாலும் சொல்வது புரியும். வினை தப்பினால் புரியாது.

அறிகுறி: "இருக்கு" என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொல் தருகிறார்கள்

பக்கத்தில் காபிக்கடை இருக்கிறதா? 'சே உன் பார் க்வி விசீனோ?' ஒன்று உண்டா என்று கேட்பது 'சே', பலவானால் 'சி ஸோனோ'. தெரிந்த ஒன்று எங்கே, எப்படி என்றால் 'ஏ': 'தொவே இல் பாஞ்ஞோ?' (த மென்மை), கழிப்பறை எங்கே? நலமாக இருக்கிறேன் என்பதற்கு மட்டும் 'ஸ்தோ பேனெ' (ப மென்மை). 'ஸோனோ பேனெ' தவறு.

ஊர், நாடு, ஆள் மூன்றுக்கும் தமிழில் '-க்கு' அல்லது '-இடம்'. இத்தாலியனில் ஊருக்கு 'அ' (அ ரோமா, அ சென்னை), நாட்டுக்கு 'இன்' (இன் இந்தியா), ஆளிடம் போனால் 'தா' (மென்மை): தா மரீயா. மருத்துவரிடம் 'தல் மேதிகோ' (இரண்டு தகரமும் மென்மை). வீட்டுக்கு 'அ காஸா', ரயிலில் 'இன் த்ரேனோ'. மற்றவற்றைக் கேட்கக் கேட்கச் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: கேட்டது வராமல் வேறு வருகிறது, வாழ்த்தினால் சிரிக்கிறார்கள்

'லத்தெ' கேட்டால் ஒரு கோப்பை பால் வரும். அது பாலுக்கான சொல். பாலோடு காபி வேண்டுமானால் 'கஃப்ஃபெல்லத்தெ' அல்லது 'கப்புச்சீனோ'. 'உன் கஃப்ஃபே' என்றால் சிறிய கோப்பையில் கெட்டி எஸ்பிரெஸ்ஸோ. பித்ஸாவில் 'பெபெரோனி' கேட்டால் குடைமிளகாய் வரும். சைவர்களுக்கு இது நல்ல செய்தி. தண்ணீர் கேட்டால் 'நதுராலெ'யா 'ஃப்ரித்ஸான்தெ'யா என்று திருப்பிக் கேட்பார்கள். இரண்டாவது குமிழி வருவது. ரசீதில் 'கொபெர்தோ' என்று ஒரு தொகை இருந்தால் அது ஆள்கணக்கில் மேசைக்கான கட்டணம், நீங்கள் கேட்காத பலகாரம் அல்ல. ரயில் நிலையக் காபிக்கடைகள் பலவற்றில் முதலில் 'கஸ்ஸா'வில் பணம் கட்டி, அந்த 'ஸ்கொன்த்ரீனோ'வை (ரசீது) நீட்டினால்தான் காபி.

இரவு ஏழு மணிக்குக் கடைக்குள் நுழைந்து 'புவொனநொத்தெ' என்றால் சிரிப்பார்கள். அது படுக்கப் போகும்போது சொல்வது. மாலையில் நுழையும்போதும் கிளம்பும்போதும் 'புவொனஸேரா'. (இந்த இரண்டிலும் முதல் ஒலி 'பஸ்' என்பதன் ப.) பிற்பகலிலேயே 'புவொனஸேரா' தொடங்கிவிடும், தொஸ்கானாவில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கேட்கலாம். அடுத்தவர் வீட்டு வாசலில் 'பெர்மெஸ்ஸோ?' என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். தொலைபேசியை எடுத்ததும் 'ப்ரோன்தோ'. தேர்வுக்குப் போகிறவருக்கு 'இன் பொக்கா அல் லூபோ' (ஓநாயின் வாயில்; முதல் ப மென்மை) என்று வாழ்த்துவார்கள். நன்றி சொல்லாமல் 'க்ரேபி' என்பது பழைய மறுமொழி. "அது சாகட்டும்" என்று பொருள்.

'மகாரி' (க மென்மை) என்று பதில் வந்தால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அப்படி நடந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்" என்றோ "ஒருவேளை" என்றோ இருக்கும், தொனியைப் பாருங்கள்.

அறிகுறி: நேற்று நடந்ததைச் சொன்னால் கதை கேட்பதை விட்டுவிட்டுத் திருத்துகிறார்கள்

பேச்சில் இறந்தகாலம் இரண்டு துண்டு: துணைவினை, அதன்பின் முடிவுச்சொல். துணைவினை 'ஓ'வா 'ஸோனோ'வா என்பதில்தான் பிழை. பொதுவிதி 'ஓ'. போதல், வருதல், சேர்தல், கிளம்புதல், திரும்புதல், தங்குதல், பிறத்தல், இறத்தல், ஆகுதல், பிடித்தல் ஆகியவற்றுக்கும், 'மி' சேர்ந்து தனக்குத்தானே செய்யும் எழுதல், குளித்தல் போன்றவற்றுக்கும் 'ஸோனோ' வரிசை. "அசைவு என்றால் ஸோனோ" என்று சில இடங்களில் சொல்லித்தருவது முழு உண்மையல்ல. நடந்தேன் 'ஓ கம்மினாதோ'. இடம் சேர்வதைச் சொல்லாமல் நடக்கும் செயலை மட்டும் சொல்வதால் அதற்கு 'ஓ'தான்.

'ஸோனோ' வந்தால் முடிவுச்சொல் ஆளுக்கேற்ப மாறும். "போனேன்" என்று ஆண் சொன்னால் 'ஸோனோ அந்தாதோ', பெண் சொன்னால் 'ஸோனோ அந்தாதா'. போனான், போனாள் என்று படர்க்கையில் நாம் பிரிக்கிறோம். 'நான்' என்பதில் பிரிப்பதில்லை, அதனால் பெண்கள்கூட 'அந்தாதோ' என்று சொல்லிவிடுகிறார்கள். "போனோம்" என்றால் 'ஸியாமோ அந்தாதி', பெண்கள் மட்டுமானால் 'அந்தாதெ'. படம் பிடித்திருந்தது என்றால் 'மி ஏ பியசூதோ'. இங்கே மாறுவது பிடித்த பொருளின் பாலுக்கேற்ப.

ஒழுங்கில்லாத முடிவுச்சொற்கள் எட்டை மட்டும் முதலில் படித்தால் அன்றாடப் பேச்சு ஓடும்: ஃபத்தோ (செய்த), தெத்தோ (சொன்ன, முதல் த மென்மை), வீஸ்தோ (பார்த்த), ப்ரேஸோ (எடுத்த), மெஸ்ஸோ (வைத்த), ஸ்க்ரித்தோ (எழுதிய), லெத்தோ (படித்த), அபெர்தோ (திறந்த).

இவ்வளவும் சரியாகச் சொல்லியும், எதிராளி 'அந்தாய்' (போனேன்), 'ஃபேசி' (செய்தேன்) என்று வேறு மாதிரிப் பேசினால், நீங்கள் தெற்கில் இருக்கிறீர்கள். வடக்கில் பெரும்பாலும் புத்தகத்தில் மட்டும் வரும் அந்த ஒற்றைச்சொல் இறந்தகாலம் சிசிலியில் நேற்றுக் காலை நடந்ததற்கும் வரும். பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர்களுக்கு இது அன்றாடம் காதில் விழுவதுதான். கேட்டால் அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவே. பதிலுக்கு 'ஸோனோ அந்தாதோ' என்று நீங்கள் சொன்னால் அங்கேயும் யாரும் திருத்த மாட்டார்கள்.